ஓட்டிப் பார்க்கவில்லை

எஞ்சினுக்குள் மோட்டார் இல்லை. போன வாரம் வந்த பார்சலைப் பிரித்து, சுருட்டிச் செருகியிருந்த பழைய செய்தித்தாளையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரையாளருக்கு அது தெரிந்தது. மோட்டார் உட்கார வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். ஒரு காலத்தில் அதை இறுக்கிப் பிடித்திருந்த திருகாணியின் துளை. அந்தத் துளையில் ஒரு பூனை முடி. ஏல விவரத்தில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை என்று விற்றவர்மேல் பழி போடவும் முடியாது. "ஓட்டிப் பார்க்கவில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். "செல்லப் பிராணிகள் இல்லாத வீடு" என்றும் போட்டிருந்தார்.

புகார் எழுதியதும் பதில் உடனே வந்தது. ஓட்டிப் பார்த்ததாகத் தான் எங்கேயும் சொல்லவில்லையே என்றார். வாஸ்தவம்தான். மோட்டார் இல்லாத எஞ்சினை யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது. கூடவே ஒரு வரி: "சக்கரங்கள் தாராளமாகச் சுற்றுகின்றனவே, வேறென்ன வேண்டும்?" அங்கேதான் ரத்தம் கொதித்தது. இந்த வகை எஞ்சினில் மோட்டார் தண்டின் முனையில் உள்ள திருகுப் பல், அச்சில் உள்ள பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். மோட்டார் இருக்கிறவரை விரலால் எவ்வளவு நெம்பினாலும் சக்கரம் அசையாது. தாராளமாகச் சுற்றுகிறது என்றால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். அதை அவர் நற்சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார்.

எஞ்சின் ஒன்றும் கிடைக்காத பொருளில்லை. டிரை-யாங் கம்பெனியின் பிரின்சஸ் எலிசபெத், எண் 46201. 1950 கிறிஸ்துமஸுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்பதற்காக ரோவெக்ஸ் என்ற சின்னக் கம்பெனி செய்து கொடுத்த ரயில் செட்டில் பிறந்தது. அடுத்த வருஷமே லைன்ஸ் பிரதர்ஸ் ரோவெக்ஸை வாங்கிப் போட்டது. அட்டைப்பெட்டிமேல் டிரை-யாங் என்ற பெயர் ஏறியது. 1964-இல் அதே லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோ கம்பெனியையும் அதோடு சேர்த்து ஹார்ன்பி ரயில்களையும் விழுங்கியது. 1971-இல் தானே மூழ்கியது. விழுங்கியவர் பெயர் போய், விழுங்கப்பட்ட ஹார்ன்பியின் பெயர்தான் இன்றுவரை பெட்டிமேல் நிற்கிறது. அந்த ஆரம்பகால உடல்கள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. வயசானால் முறுக்கிக்கொள்ளும். வந்து சேர்ந்த இளவரசியும் இடுப்புக்கு மேலே லேசாக முதுகை வளைத்துத்தான் நிற்கிறார். விவரத்தில் அதற்குப் பெயர் "வயதுக்கேற்ற தோற்றம்."

இணைய ஏலத்தில் பொம்மை ரயில் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. சுலபமான வழி, செலவில்லாத வழி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் இந்த "ஓட்டிப் பார்க்கவில்லை" விவகாரத்தைப் பைசல் செய்துவிடலாம்.

ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை? விற்பவர்கள் பெரும்பாலும் காரணமும் சொல்கிறார்கள். "கன்ட்ரோலர் இல்லாததால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை." பாவம் என்று நினைத்துக்கொண்டு, அதே ஆள் வேறு என்னென்ன விற்கிறார் என்று பார்த்தால், அதே பூப்போட்ட மேசை விரிப்பின்மேல் வைத்துப் படமெடுத்த கன்ட்ரோலர் ஒன்று தனி ஏலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே விவரம்: "எஞ்சின் இல்லாததால் சோதித்துப் பார்க்க முடியவில்லை." இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பெட்டி நிறையத் தண்டவாளம். அதுவும் சோதிக்கப்படவில்லை. தண்டவாளத்தில் சோதிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று ஏலத்தையும் ஒரே ஆள் ஜெயித்தால் மூன்று தபால் செலவு.

கன்ட்ரோலர் தேவையே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஓஓ கேஜ் என்ற இந்த அளவு எஞ்சின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். புகை வந்தால் கத்தும் கருவி எல்லா வீட்டுக் கூரையிலும் இருக்கிறதே, அதற்குள் போடுகிற சதுரக் கட்டை பேட்டரி. எஞ்சினை மல்லாக்கப் போட்டு, பேட்டரியின் இரண்டு குமிழும் இரு பக்கத்துச் சக்கரங்களையும் தொடுகிற மாதிரி துண்டு வயர் வைத்துப் பிடித்தால் முடிந்தது கதை. நல்ல எஞ்சின் உறுமும். கெட்ட எஞ்சின் சும்மா இருக்கும். நடுத்தரமானது ஒரு தரம் துடித்துவிட்டு மூன்று சொட்டுப் பழைய எண்ணெயைக் கக்கும். ஐந்து விநாடி வேலை. எஞ்சினைத் துடைத்து, விரிப்பைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பத்துப் படம் எடுத்து, "அபூர்வம்" என்று தட்டச்சு செய்ய நேரமிருக்கிறவருக்கு இந்த ஐந்து விநாடி இல்லை.

மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவார்கள்.

இதில் நுணுக்கம் இல்லாமல் இல்லை. ஹார்ன்பி ஒரு காலத்தில் மோட்டாரை எஞ்சினில் வைக்காமல், பின்னால் வருகிற நிலக்கரி வண்டியான டெண்டரில் வைத்தது. அந்த வகையில் ஒரு தண்டவாளத்து மின்சாரத்தை எஞ்சின் சக்கரம் எடுக்கும், மற்றதை டெண்டர் சக்கரம் எடுக்கும். ஆகவே வயரின் ஒரு முனையை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் வைக்க வேண்டும். பழைய ஹார்ன்பி டப்ளோ என்றால் தண்டவாளம் மூன்று. நடுத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு போகிற தகடு வயிற்றுக்கடியில் இருக்கும். ஒரு முனை அதில், மறு முனை எந்தச் சக்கரத்திலாவது. இவ்வளவுதான் சாஸ்திரம். தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கட்டுரையாளர் எப்போதும் தயார். பல பேருக்குச் சொல்லியும் இருக்கிறார். ஒருவருக்கு முனை முனையாக, இடது வலது குறிப்பிட்டு, படம் வரைந்து அனுப்பினார். பதில் வந்தது: "மன்னிக்கவும், இந்த எஞ்சினுடன் பேட்டரி தரப்படாது."

"ஓட்டிப் பார்க்கவில்லை" என்பதிலும் ஜாதி உண்டு. வெறும் "ஓட்டிப் பார்க்கவில்லை" முதல் ரகம். ஓட்டிப் பார்த்தார், ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "ஓட்டிப் பார்க்கவில்லை, ஆனால் கடைசியாக ஓட்டியபோது அருமையாக ஓடியது" இரண்டாவது. கடைசியாக ஓட்டியபோது எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்திருப்பார். "ஓட்டிப் பார்க்கவில்லை, சின்னச் சரிசெய்தல் போதும் என்று நினைக்கிறேன்" மூன்றாவது. ஓட்டியே பார்க்காதவருக்குச் சரிசெய்ய வேண்டியிருப்பது எப்படித் தெரிந்தது, அதுவும் சின்னது என்று எப்படித் தெரிந்தது? "ஓட்டிப் பார்க்கவில்லை, எனவே பழுதானதாகக் கருதி வாங்கவும்" நான்காவது. இதை எழுதுகிறவர்தான் உள்ளதில் யோக்கியர். ஆனால் விலையை மட்டும் ஓடுகிற எஞ்சினுக்குண்டான விலையில் தொடங்குவார். ஐந்தாவது ரகம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது: "எனக்கு ரயில்களைப் பற்றி ஒன்றும் தெரியாது." தலைப்பில் வகை எண், தயாரித்த வருஷம், பெயிண்ட் நிறத்தின் நுட்பமான வேறுபாடு, பெட்டிக்குள்ளிருக்கும் செருகு அட்டை அசலா நகலா என்பது வரை எழுதிவிட்டு, கீழே வந்து ஒன்றும் தெரியாது என்பார்.

உண்மையாகவே ஓட்டிப் பார்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். சமீபத்தில் ஒருவர், "என் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை, கன்ட்ரோலரும் அணைந்துவிட்டது, உதிரி பாகங்களுக்கு மட்டும்" என்று மனம் நொந்து ஓர் எஞ்சினைப் போட்டிருந்தார். படத்தைப் பார்த்தால் மெர்க்லின். ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-இலிருந்து இருக்கிற கம்பெனி. மற்ற கம்பெனிகள் எல்லாம் நேர்மின்சாரத்துக்குப் போனபிறகும் மாறுமின்சாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. தண்டவாளத்தின் நடுவே வரிசையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும் முளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும். அதன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே மின்தடுப்பு கிடையாது. அதைத் தூக்கி ஹார்ன்பி தண்டவாளத்தில் வைத்தால் இரண்டு தண்டவாளமும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும். கன்ட்ரோலர் அணையாமல் என்ன செய்யும்? எஞ்சினில் ஒரு குறையும் இருக்க வாய்ப்பில்லை. ஓட்டிப் பார்த்த ஒரே நல்ல மனிதரும் தப்பான தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கட்டுரையாளர் அவருக்கு இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ஏலம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். கடைசி நான்கு விநாடியில் வேறு யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளுக்கும் மெர்க்லின் தெரிந்திருக்கிறது. அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசி விநாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஏல முறையில் விற்பனைக்கு வந்த முதல் பொருளே பழுதான பொருள்தான். 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர், பிற்பாடு ஈபே ஆகப்போகிற தன் இணையதளத்தில் வைத்த லேசர் சுட்டி 14.83 டாலருக்குப் போனது. அது உடைந்தது என்று அவரே எழுதியிருந்தார். வாங்கியவருக்குப் புரிந்ததா என்று சந்தேகப்பட்டுக் கேட்டபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பது தன் வழக்கம் என்று பதில் வந்ததாம். உடைந்தது என்று சொல்லி விற்று, மறுபடியும் கூப்பிட்டுக் கேட்ட விற்பனையாளர்! அந்தப் பரம்பரை அன்றோடு அற்றுப்போய்விட்டது.

முறை என்னவோ அருமையான முறைதான். மனசில் வைத்திருக்கிற உச்ச விலையை ரகசியமாகப் போட்டுவிட்டால், தளம் நம் சார்பில் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஜெயித்தாலும் நம் உச்ச விலையைத் தர வேண்டாம். இரண்டாவது ஆளின் விலைக்கு ஒரு படி மேலே தந்தால் போதும். கிட்டத்தட்ட இதே யோசனையைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் கணக்குப் போட்டு எழுதினார். இப்படிப்பட்ட ஏலத்தில் பொருளுக்கு உண்மையிலேயே என்ன மதிப்பு வைத்திருக்கிறோமோ அதைப் போட்டுவிட்டுப் போய்ப் படுப்பதே உத்தமம் என்று நிரூபித்தார். 1996-இல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார். பொம்மை ரயில் வாங்குகிறவர்களை அவர் பார்த்ததில்லை. 60 பவுண்டுக்குமேல் ஒரு பைசா தர மாட்டேன் என்று குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்த மனிதர், 61 என்று திரையில் பார்த்ததும் 62 போடுகிறார். ஒரு பவுண்டுக்காக ஒரு எஞ்சினை விடுவதா என்கிற நியாயம். 63 வந்தாலும் அதே நியாயம்தான்.

ஆகவே கெட்டிக்காரர்கள் கடைசி விநாடிவரை வாயைத் திறப்பதில்லை. ஆல்வின் ராத், ஆக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைத் தோண்டித் துருவி 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் தானாகவே பத்து நிமிஷம் நீளும். ஈபேயில் மணி அடித்தால் அடித்ததுதான். கடைசி நிமிஷத்தில் விலை கேட்பது ஈபேயில்தான் அதிகம், அதிலும் கம்ப்யூட்டர்களைவிடப் பழம்பொருட்களில் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். பழம்பொருளில் விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே விலை கேட்டால், "இவரே கேட்கிறார் என்றால் சரக்கு இருக்கிறது" என்று மற்றவர்கள் உஷாராகிவிடுவார்கள் அல்லவா? ராத் 2012-இல் வேறொரு ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கினார். பத்து நிமிஷம் நீட்டித் தந்த நாகரிகமான ஏலம் மூடப்பட்டுவிட்டது. மணியடித்து முகத்தில் கதவைச் சாத்துகிறது செழித்து வாழ்கிறது. இப்போது இதற்கென்று மென்பொருள் வேறு. தூங்குகிற நேரத்தில் அது நம்மிடமிருந்து எஞ்சினைத் தட்டிப் பறிக்கும். இரண்டு பேரின் மென்பொருள்கள் கடைசி மூன்று விநாடியில் கட்டிப் புரண்டு, உடம்பு வளைந்துபோன ஒரு ஜின்டியை 70 பவுண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியதைக் கட்டுரையாளர் கண்ணாரக் கண்டிருக்கிறார்.

ஜின்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு சக்கரம் கொண்ட கறுப்புக் குட்டி எஞ்சின். எண் 47606. டிரை-யாங் 1953-இல் இறக்கியது. அதற்குப் பிறகு அவர்கள் அடித்துத் தள்ளியதில் அது இல்லாத ரயில் செட்டைத் தேடுவது கஷ்டம். ஏலத் தளத்தில் எந்த நேரத்தில் தேடினாலும் வரிசையாக வந்து நிற்கும். அத்தனை பேரும் "அபூர்வம்." ஒரே பக்கத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அபூர்வம், மிக அபூர்வம், பார்க்கவே கிடைக்காதது. ஹார்ன்பியின் ஸ்மோக்கி ஜோ என்கிற நாலு சக்கரக் குட்டியும் அப்படித்தான். 1980களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதையும் அபூர்வம் என்று போட ஒரு மனசு வேண்டும்.

நிஜமான அபூர்வத்துக்கு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1957-இல் லயனல் கம்பெனி பெண் குழந்தைகளும் ரயில் வாங்கட்டும் என்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் எஞ்சினும், அதற்குப் பின்னால் வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் என்று பெட்டிகளுமாக ஒரு செட்டை இறக்கியது. எந்தப் பெண் குழந்தையும் சீண்டவில்லை. ரயில் பிடித்த பெண்களுக்கு மற்றவர்களைப் போலவே கறுப்பு எஞ்சின்தான் பிடித்திருந்தது. விற்காத காரணத்தால் குறைவாக இருக்கிறது, குறைவாக இருப்பதால் இன்று அந்த இளஞ்சிவப்புக்கு ஏலத்தில் அடிதடி. கறுப்பு எஞ்சினுக்கு இளஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்து விற்கிற அளவுக்கு. இதற்கு நேர்மாறாக, இப்போது கம்பெனிகளே அபூர்வத்தைத் தயாரித்து விற்கின்றன. "ஆயிரத்தில் ஒன்று" என்று எண் போட்ட சான்றிதழோடு வரும். மற்ற 999-ம் பெட்டி பிரிக்கப்படாமல் 999 பரண்களில் விலை ஏறக் காத்திருக்கின்றன.

பரண் என்றதும் அடுத்த புண்ணியவான். "பரணில் கண்டெடுத்தது." வாங்குகிறவர்களுக்கு இதைப் படித்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது. பரணில் என்ன இருக்கும்? கோடையில் கூரை ஓட்டின் சூடு, குளிர்காலத்தில் உறைபனி, வருஷம் முழுக்க ஈரம். பிளாஸ்டிக் வளைவதற்கும், ரப்பர் டயர் பிசுபிசுத்துப் போவதற்கும், எண்ணெய் கெட்டியாகி அரக்காவதற்கும் இதைவிட வசதியான இடம் ஒரு வீட்டில் கிடையாது. உலோகம் தப்பிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எஞ்சின் சேஸிஸ் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது அதில் துளி ஈயம் கலந்துவிட்டால், பல வருஷம் கழித்து உலோகத்தின் பரல்களுக்கு நடுவே அரிப்பு ஓட ஆரம்பிக்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு ஊதும், பிறகு கையில் எடுத்தால் பிஸ்கட் தூளாகக் கொட்டும். போருக்கு முந்தைய சரக்குகளில் இது சகஜம். 2000களின் நடுவில் ஹார்ன்பி விட்ட 31ஆம் வகை டீசலிலும் இதே வியாதி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள். விவரத்தில் இதற்கு "லேசான முடிவெடிப்பு, ஓட்டத்தைப் பாதிக்காது" என்று இருக்கும். ஓட்டிப் பார்த்தாரா? பார்க்கவில்லை.

இத்தனை பொருமுகிறவர் நேரே கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். எந்தக் கடைக்கு? 1946-இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ், பழைய எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து, குறைகளை வரி வரியாக எழுதி விற்ற கடை. 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. பர்மிங்ஹாமில் நவம்பர்தோறும் நடந்துவந்த வார்லி கண்காட்சியும் இனி இல்லை என்று அதே ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வரவழைக்கலாம் என்றால், 2021 முதல் வரி, சுங்கப் படிவம், கையாளும் கட்டணம் என்று மூன்று பூதங்கள். கோப்பிங்கன் பக்கத்து விற்பனையாளர்கள் பலர் பிரிட்டனுக்கு அனுப்புவதில்லை என்று இரண்டு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக மிச்சமிருப்பது பூப்போட்ட மேசை விரிப்புதான்.

வாங்குவதைப் பற்றியே பேசினால் ஒருதலைப்பட்சமாகிவிடும். கட்டுரையாளர் விற்கவும் செய்கிறார். வீட்டில் வந்த பேச்சின் விளைவு அது.

"ஏங்க, இந்த அலமாரியில இன்னும் எத்தனை எஞ்சின்தான் வைப்பீங்க?"

"ராட் ஸ்டூவர்ட்டைப் பாரு. இருபது வருஷத்துக்கு மேல உக்காந்து பொம்மை ரயிலுக்குன்னு ஒரு நகரத்தையே கட்டியிருக்கார். கச்சேரிக்குப் போற ஊர்லயெல்லாம் ஹோட்டல்ல இதுக்குன்னு தனி ரூம் போடுவாராம்."

"அவர் பாட்டுப் பாடிச் சம்பாதிக்கிறார். நீங்க எதையாவது வித்துட்டு வாங்குங்க."

அப்படித்தான் தொடங்கியது. விற்க உட்கார்ந்ததும் மனித சுபாவத்தில் விசித்திரமான மாறுதல்கள் நிகழ்கின்றன. வாங்கும்போது "பயன்படுத்திய பழைய சாமான்" என்று இளக்காரமாகத் தெரிந்தது, அதே அலமாரியிலிருந்து இறக்கியதும் "பொக்கிஷம்" ஆகிறது. ஒடிந்த படிக்கட்டு படத்தில் விழாத கோணம் எது என்று கை தானாகவே கண்டுபிடிக்கிறது. இழுப்பறையில் எந்நேரமும் கிடக்கிற 9 வோல்ட் பேட்டரி அன்றைக்குப் பார்த்துக் கண்ணில் படாது. பெட்டியோரம் கிழிந்திருப்பதற்கு "சேமிப்பின் சுவடுகள்" என்ற தொடரை வேறு யாரும் இதுவரை பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

விற்பவர்களுக்கு இது நல்ல காலம் என்கிறார்கள். பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கு ஈபே 2024 அக்டோபரில் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்கிக்கொள்கிறது. எதிலிருந்து பாதுகாப்பு என்பதைக் கட்டுரையாளர் மாதிரி ஆட்களைக் கேட்டால் தெரியும். மதிப்பெண் போடுகிற விஷயத்திலும் 2008-இலிருந்து விற்பவர் வாங்கியவரைத் திட்டி எழுத முடியாது. புகழ மட்டுமே முடியும். அதனால் பணம் கட்டப் பத்து நாள் இழுத்தடித்து, வந்த பொருளில் பஃபர் ஒன்று குறைகிறதென்று பாதி விலையைத் திருப்பிக் கேட்கிற மனிதருக்கும் "அருமையான வாடிக்கையாளர், ஏ பிளஸ் பிளஸ் பிளஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்ட வேண்டியிருக்கிறது. இந்த மதிப்பெண்ணில் பிளஸ்ஸின் எண்ணிக்கைதான் கோபத்தின் அளவு. ஐந்து பிளஸ் கண்டால் அங்கே கைகலப்பு நடக்க இருந்தது என்று அறிக.

போன மாதம் விற்றது ஒரு காலி அட்டைப்பெட்டி. ஹார்ன்பி டப்ளோ எஞ்சினின் பழைய நீலப் பெட்டி. எஞ்சின் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. பெட்டி மட்டும் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. இந்தப் பைத்தியத்தில் பெட்டிக்குத் தனி விலை உண்டென்பது வாசகர்களுக்குத் தெரியாததில்லை. பெட்டியில்லாத எஞ்சின் வைத்திருப்பவர்கள் எஞ்சினில்லாத பெட்டிக்கு அலைவார்கள். நகல் பெட்டி அச்சடித்து விற்கிறவர்களும் இருப்பதால் அசல் பெட்டிக்கு மவுசு கூடுதல். கட்டுரையாளர் முதல்முறையாக எதையும் மறைக்காமல் எழுதினார். தலைப்பிலேயே "காலிப் பெட்டி மட்டும்." விவரத்தில் மறுபடி "காலிப் பெட்டி மட்டும், எஞ்சின் கிடையாது." திறந்து வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிகிற மாதிரி ஒரு படம்.

ஏலம் ஓடும்போதே கேள்விகள் வந்தன. புகை பிடிக்காத வீடா என்றார் ஒருவர். இன்னொருவர், ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். கட்டுரையாளர் தன்னை அடக்கிக்கொண்டு இல்லை என்று பதில் போட்டார். கடைசி ஐந்து விநாடியில் இரண்டு பேர் மோதியதில், மோட்டார் இல்லாத பிரின்சஸ் எலிசபெத்துக்குக் கொடுத்ததைவிட அதிகத் தொகைக்குப் பெட்டி போனது. அட்டை நசுங்காமலிருக்க அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, அதை மூன்றாவது பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்.

நேற்று வாங்கியவர் புகார் பதிவு செய்திருக்கிறார். எஞ்சின் வரவில்லையாம். "பொருள் விவரத்துக்கு மாறாக உள்ளது" என்ற கட்டத்தில் குறியிட்டு, முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்கிறார். தளம் இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்லுமாம். அதுவரை பணம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆதாரமாக அவர் நான்கு படங்கள் இணைத்திருக்கிறார், நல்ல வெளிச்சத்தில், நாலு பக்கமிருந்தும் எடுத்தது: காலிப் பெட்டி.